காலி கிரைண்டர்

என் அடையாள அட்டையில் 'தொடர்பிணைப்புக் கலைஞர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் மனைவி சுகந்தி அவள் அண்ணனிடம் போனில் சொல்லும்போது 'கை புடிக்கற வேல' என்பாள். இரண்டும் ஒன்றுதான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவருக்கு நான்கு நிமிடம். பிடித்திருக்கும்போது எதையும் உணரக் கூடாது. அதற்கு மாத்திரை தருகிறார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே ஞாபகம் இருக்கிறது.

சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக் கிடந்த லீலா மில்லின் நூற்பு ஷெட்டை, முதலாளி சுகுமாரன் வெள்ளையடித்துப் 'பண்பாட்டு வெளி' ஆக்கினார். அதன் நடுவில் ஆதிரன் என்ற கலைஞர் 'ஸ்பரிச மண்டலம்' அமைத்தார். பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் கோபிநாத். ஐரோப்பாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஆதிரன் ஆகியிருந்தார். 'தோலின் மௌனத்தை நாதமாக மொழிபெயர்க்கும் பங்கேற்புக் கலைவெளி' என்று வாசலில் பலகை. ஊர் அதற்கு அண்டா என்று பெயர் வைத்தது. தப்பில்லை. கல்யாண மண்டபத்தில் சாம்பார் வைக்கிற அளவில் கவிழ்த்து வைத்த இரண்டு பித்தளை உருண்டைகள். அவற்றுக்கு நடுவில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு உள்ளங்கையை ஆளுக்கு ஒரு அண்டாவில் வைத்து, மிச்சமிருக்கும் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். தோலில் ஓடுகிற வெட்கம், பயம், பிரியம், படபடப்பு எல்லாவற்றையும் கணினி வாசித்துக் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கிகளில் பாட்டாக விடும்.

திறப்பு விழாவில் ஆதிரன் முக்கால் மணி நேரம் பேசினாராம். "மனிதன் மனிதனைத் தொட மறந்துவிட்டான்" என்றாராம். மனிதன் அப்போது முன்வரிசையில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இதெல்லாம் வாட்ச்மேன் மாரப்பண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் ஜோடி முதலாளியும் அவர் மனைவி லீலாவதி அம்மாவும். அழைப்பிதழிலேயே 'நாற்பதாண்டு இல்லறத்தின் நாதம்' என்று போட்டிருந்தார்கள். இருவரும் அண்டாவில் கை வைத்தார்கள். கை கோத்தார்கள். கூரையிலிருந்து, மாவு போடாமல் ஓடுகிற கிரைண்டரின் சத்தம் வந்தது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லோடு கல் உரசி, பல்லின் வேரில் வந்து உட்காரும் சத்தம் அது.

"ஏனுங், மெசின்ல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று லீலாவதி அம்மா கேட்டார்.

"இல்லம்மா, இது ரொம்ப நேர்மையான சத்தம்" என்றார் ஆதிரன். அன்றே அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அண்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் விட்டுவைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே கதைதான். புதுமணத் தம்பதி, அக்கா தங்கை, முப்பது வருட நண்பர்கள், எல்லோருக்கும் காலி கிரைண்டர். சிலருக்கு மெதுவாக ஓடியது, சிலருக்கு வேகமாக. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றே மாதத்தில் கூட்டம் நின்றுபோனது.

ஒரு நாள் திருப்பூரிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் அம்மா தனியாக வந்திருக்கிறார். "நான் மட்டும் கை வச்சாப் பாடாதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாரப்பண்ணனுக்குப் பாவமாக இருந்திருக்கிறது. "வாங்கம்மா, ஒரு கைக்கு நான் நிக்கறேன்" என்று தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் நின்றிருக்கிறார். அவருக்குப் பதினாறு வருடச் சர்க்கரை வியாதி. கையில் பீடி சுட்டாலும் தெரியாது. அந்தக் கையை அந்த அம்மா பிடித்ததும், மழை விட்ட பிறகு ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுவது போல ஒன்று ஆரம்பித்து, அப்படியே விரிந்து, ஷெட் முழுக்க நிறைந்திருக்கிறது. ஆபீசர் அம்மா விம்மி விம்மி அழுதிருக்கிறார். மறுநாள் வரிசை மெயின் ரோடு வரை நின்றது.

ஆதிரன் 'வெறுமையின் அழகியல்' என்று ஒரு கட்டுரை எழுதினார். மாரப்பண்ணனின் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கறுப்பு ஜிப்பா மாட்டி 'முதன்மைத் தொடர்பிணைப்புக் கலைஞர்' ஆக்கினார்கள். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு நிர்வாகத்துக்குக் கவலை தந்தது. தினமும் நான்கு மணிக்கு அவருக்கு ஜாங்கிரி வந்தது. இரண்டாவது வருடம் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"கால் வெரலுதானுங் தம்பி" என்பார் மாரப்பண்ணன். "பாட்டுக்கு அது வேண்டியதில்லைன்னு மேடம் சொல்லீட்டாங்க."

ஒரு மாரப்பண்ணன் போதவில்லை. அதனால்தான் மாத்திரை வந்தது. மாத்திரைக்குப் பின்னால் நாங்கள் வந்தோம்.

மேடம் என்பது நிரஞ்சனா மேடம், 'மக்கள் அனுபவப் பிரிவு'த் தலைவர். என்னை நேர்முகம் செய்தது அவர்தான்.

"முன்னாடி என்ன வேலைங்க தனசேகர்?"

"லேப்ல ரத்தம் எடுத்துட்டிருந்தனுங்க மேடம். இப்ப அதுக்கு மெசின் வந்துருச்சுங்க."

"அப்ப நெறையக் கை புடிச்சிருப்பீங்க."

"ஒரு நாளைக்கு நூறு கையிங்க."

"யாராச்சும் அழுதா என்ன பண்ணுவீங்க?"

"அழறதுக்குள்ள ஊசியை எடுத்துருவனுங்க."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு எனக்கு விளக்கினார். "ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா எப்படி இருக்கும்? அதுதான் காலி கிரைண்டர். ஒருத்தர் வாயை மூடிக்கிட்டா மத்தவர் பேசறது தெளிவாக் கேக்கும். நீங்க வாயை மூடிக்கற ஆளு. வாய்க்குப் பதிலா தோலு, அவ்வளவுதான். மாத்திரை தோலுக்குள்ள போற உணர்ச்சியை நிறுத்திரும்."

"அப்ப வர்றவங்க கேக்கறது அவங்களோட சத்தம் மட்டுந்தானுங்களா?"

"ஆமா."

"அது அவங்களுக்குத் தெரியுங்களா?"

"தனசேகர், பாசம்னு நெனச்சுட்டு ஒருத்தர் சந்தோசமாப் போனா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வேலை வேண்டியிருந்தது.

பெட்டியின் மேல் 'சமனிலை ஊட்டம்' என்று இருக்கும். காலையில் ஒன்று. முதல் வாரம் விரல்நுனி மரத்தது. இரண்டாவது வாரம் செய்தித்தாள் மரத்தது. மூன்றாவது வாரம் சுகந்தி என் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி எதையோ சொல்லிச் சிரித்தாள். அது வேடிக்கையான விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

பயிற்சியும் உண்டு. தலையை இடது பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும். உதடு திறக்காமல் புன்னகைக்க வேண்டும். கட்டைவிரலால் அவர்களுடைய புறங்கையில் இரண்டு முறை தடவ வேண்டும். மூன்று முறை தடவினால் புகார் வரும். பயிற்சியில் ஒரு நாள் நாங்கள் இரண்டு ஊழியர்கள் கை கோத்து அண்டாவில் நின்று பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. இரண்டு கையும் மரத்திருந்தால் சத்தம் வராது. இரண்டிலும் உயிர் இருந்தால் கிரைண்டர். ஒன்று மட்டும் மரத்திருந்தால்தான் பாட்டு.

ஊருக்கு இது தெரியாது. பாட்டு இனிமையாக இருந்தால் பாசம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. கல்யாணம் பேசுகிறவர்கள் 'ராகப் பொருத்தம்' பார்க்க வந்தார்கள். ஜோசியர்கள் முதலில் எதிர்த்தார்கள், பிறகு முன்பதிவு செய்து தந்தார்கள். பெண் வந்து என் கையைப் பிடிப்பாள், மாப்பிள்ளை வந்து என் கையைப் பிடிப்பார். இரண்டு பாட்டையும் மண்டபத்தில் போட்டுக் காட்டி அசத்துவார்கள். பொருந்தாத ஜோடி இதுவரை ஒன்றுகூட இல்லை. காலேஜ் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு அப்பாக்கள் வந்தார்கள். அப்பாவுக்கு நான்கு நிமிடம், மகனுக்கு நான்கு நிமிடம், இருவரும் என்னோடு. வரிசையில் நிற்கும் தம்பதிகள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தப்பித் தவறி ஒருவர்மேல் ஒருவர் பட்டுவிட்டால் சாரி சொல்வார்கள். ஆதிரனுக்கு 'தொடுதலை மீட்டவர்' என்று ஒரு விருது கொடுத்தார்கள்.

தை மாதம் என் மாமனார் இறந்துபோனார். பொள்ளாச்சிப் பக்கம் அவர் ஊர். எங்கள் பக்கம் துக்கத்துக்கு வருகிற ஆண்கள் ஒன்றும் பேச மாட்டார்கள். வாசலில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் வீட்டு ஆட்களின் கையைத் தொட்டுவிட்டு நகர்வார்கள். நான் இரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். நல்ல வேலை செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தலை தானாகச் சாய்ந்தது. கட்டைவிரல் தானாகத் தடவியது. "மாப்பிள்ளை கையப் புடிச்சா ஆறுதலா இருக்குதுங்" என்று சொல்லிச் சிலர் இரண்டாவது தடவை வந்து தொட்டார்கள்.

மத்தியானம் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டியருகே சுகந்தி நின்றிருந்தாள். போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்கப்பா செத்துட்டாருங்க" என்றாள்.

"தெரியும் கண்ணு."

"தெரியும்னு தெரியுதுங்க" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். என் விரல்கள் அவள் புறங்கை இருந்த இடத்தில் இன்னொரு முறை தடவின.

காரியம் முடிந்து ஊர் திரும்பினோம். அதற்குப் பிறகு சுகந்தி எதையும் கேட்கவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. சாப்பாடு வேளைக்கு வந்தது. நல்ல ஜோடி என்று மேல் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆடியில் ஒரு பத்திரிகை 'அண்டாவில் கேட்பது பாசமா, மாத்திரையா?' என்று எழுதியது. நிர்வாகம் கொதித்தது. முதலாளி ஒரு யோசனை சொன்னார்: ஊழியர் குடும்ப நாள். கை பிடிக்கும் கலைஞர்கள் ஒன்பது பேரும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொந்த மனைவியோடு, சொந்தக் கணவனோடு அண்டாவில் நிற்பார்கள். வீட்டிலேயே பாசம் இல்லாதவனா வெளியாளுக்குப் பாசம் காட்டுவான்? பாட்டு இனித்தால் பத்திரிகையின் வாய் அடையும்.

நிரஞ்சனா மேடம் எங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "அன்னைக்குக் கண்டிப்பா மாத்திரை போட்டுட்டு வரணும். யார் ஜோடிக்காவது கிரைண்டர் கேட்டுச்சுன்னா, அவங்க அப்படியே வீட்டுக்குப் போயிரலாம். திரும்ப வர வேண்டியதில்லை." அன்று ராத்திரி அதை அப்படியே சுகந்தியிடம் சொன்னேன்.

வண்ணம் பூசுவதற்காக ஒரு வாரம் ஷெட்டை மூடினார்கள். மூடுவதற்கு முந்தைய நாள் மாரப்பண்ணன் ஜாங்கிரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்க நிறுத்தீட்டா அஞ்சாறு நாள்ல கையி திரும்ப வந்துருமாமா?"

"வந்துரும்னு சொல்றாங்கண்ணா."

"எனக்கு வராதுங்." ஜாங்கிரியைப் பிட்டார். "எங்கூட்டுக்காரி கையி எப்பிடி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். சொரசொரன்னு இருக்கும். அது ஒண்ணுதான் நெனப்பு வருது. அதுவும் கையிதானா, இல்ல சாக்குப்பையான்னு சந்தேகமா இருக்குது."

"சாப்புடாதீங்கண்ணா அதை."

"மேடம் பாத்துட்டிருக்காங்க" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஆசை என்று சொல்ல முடியாது. மாத்திரையில் ஆசை வராது. வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்தோமா என்று வழியில் வருகிற சந்தேகம் போல ஒன்று. சுகந்தி ஒரே ஒரு தடவையாவது எங்கள் இரண்டு பேருடைய சத்தத்தைக் கேட்க வேண்டும். அது கிரைண்டராக இருந்தாலும் சரி, முதலாளி வீட்டுக் கிரைண்டரைவிட மோசமாக இருந்தாலும் சரி. வேலை போகும். போனால் லேபும் இல்லை. அதை யோசித்துப் பார்த்தேன். மாத்திரை இருந்ததால் பயம் வரவில்லை. அந்த ஒரு நன்மை அதில் உண்டு.

தினமும் காலையில் சுகந்தி இட்லித் தட்டின் ஓரத்தில் மாத்திரையை வைப்பாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தேன். இரண்டாவது நாள் காபி டம்ளர் சுட்டது. கீழே வைத்துவிட்டு விரலை உதறினேன். மூன்றாவது நாள் பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்த பனியன் விளம்பரத்தில் ஒரு அப்பாவும் மகனும் ஒரே மாதிரி பனியன் போட்டுச் சிரிப்பதைப் பார்த்துக் கண் கலங்கியது. நான்காவது நாள் மாமனார் வந்தார். அவர் நிலக்கடலையை உடைத்துக்கொண்டே நடப்பார். இரண்டு பருப்பில் ஒன்றைக் கேட்காமலேயே என் கையில் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நடுநடுவே தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். அது எனக்கு ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

கண்டக்டர் வந்தார். "ஏனுங், பர்சு போயிருச்சுங்களா?"

"மாமனாருங்க."

"அடடா. எப்பங்க?"

"தையிலங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஏழாவது விரலில் நிறுத்திவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

வீட்டில் சுகந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கழுத்தில் ஒரு மச்சம் இருப்பதும், கீரையைக் கிள்ளும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வதும் இரண்டு வருடத்தில் எனக்கு மறந்துபோயிருந்தன. தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, குடும்ப நாளன்று, முதலில் அண்டாவில் தொடலாம் என்று வைத்துக்கொண்டேன். நாள் குறித்த மாப்பிள்ளை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கீரையைக் கிள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஷெட்டில் புது வண்ண வாசனை. பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், முதல் வரிசையில் முதலாளியும் லீலாவதி அம்மாவும், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. ஆதிரன் சுருக்கமாகப் பேசினார், அரை மணி நேரம். மேடையின் ஓரத்தில் பரிசு வைத்திருந்தார்கள்: 'சிறந்த இணை'க்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

எட்டு ஜோடிகளுக்கும் பாட்டு வந்தது. மாரப்பண்ணனுக்கு வந்ததுதான் நீளம். அவர் மனைவியின் கை உண்மையிலேயே சொரசொரவென்று இருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கடைசியில் நாங்கள். நான் இடது அண்டாவில் கை வைத்தேன், சுகந்தி வலது அண்டாவில். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னும் ஒரு நொடியில் கல்லும் கல்லும் உரசும், முதலாளி எழுந்து நிற்பார், மேடம் கையைக் கட்டிக்கொள்வார், நாங்கள் இருவரும் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடப்போம். நடக்கும்போது அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. கையைப் பிடித்தேன்.

சத்தம் வந்தது. கிரைண்டர் இல்லை. பாட்டு.

நான் ஆயிரக்கணக்கான தடவை கேட்ட அதே இனிமை. முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது. மாத்திரை இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லையோ, இது சுகந்தியின் பாட்டோ என்று கண்ணை மூடிக் கேட்டேன். அதில் ஒரு பஸ் போனது. கடலை ஓடு உடைந்தது. யாரோ தொண்டையைச் செருமினார். என் நெஞ்சு இடித்தபோது அதுவும் இடித்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், அதுவும் நின்றது. மூச்சை விட்டேன், அதுவும் ஓடியது. அது நான். முழுக்க நான் மட்டும்.

திரும்பிப் பார்த்தேன். சுகந்தி தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்திருந்தாள். உதடு திறக்காத புன்னகை. அவள் கட்டைவிரல் என் புறங்கையில் ஒரு முறை தடவியது. இன்னொரு முறை தடவியது. மூன்றாவது முறை தடவவில்லை.

கைதட்டல் அடங்க நேரமானது. லீலாவதி அம்மா கண்ணைத் துடைத்தபடி, "இதல்லவா தாம்பத்தியம்" என்றார். முதலாளி அவரைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கி, காலி நாற்காலியின் முதுகைத் தட்டினார். கிரைண்டர் எங்களுக்குத்தான் கிடைத்தது.

பஸ்ஸில் கிரைண்டர் பெட்டியை இருவர் காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"அப்பா காரியம் முடிஞ்ச மறுநாள்ல இருந்துங்க." ஜன்னலைப் பார்த்தபடிதான் சொன்னாள். "நீங்க அங்க உக்காந்து எல்லாருக்கும் கை கொடுத்தீங்கல்ல? பாத்துட்டே இருந்தேன். உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. எனக்கும் அப்பிடி இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு."

"மாத்திரை எங்க கெடச்சுது?"

"மெடிக்கல்லயே விக்கறாங்க. பேரு வேற. பாதிப் பவராமா. ஸ்கூல் டீச்சருங்க, பேங்க்கு கவுண்டர்ல உக்காரறவங்க, எல்லாரும் வாங்கறாங்க. மேல் வீட்டு அக்காதான் சொன்னாங்க. இன்னைக்கு மட்டும் ரெண்டு போட்டேன்."

"ஏன் சுகந்தி?"

"நீங்க நிறுத்தீட்டீங்கன்னு தெரியும். டம்ளர் சுடுதுன்னு கீழ வச்சீங்க." பெட்டி நகராமல் காலால் அணைத்துக்கொண்டாள். பிறகு ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "ரெண்டு பேரும் போடாமப் போனா வேல போயிருமில்லீங்க. யாராச்சும் ஒருத்தரு போடணுமில்ல."

நான் அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள். குழாயைப் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக அவள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, எங்களுக்கு விடுமுறை. காலையில் இட்லித் தட்டின் ஓரத்தில் மாத்திரை இருந்தது. அவளுடைய தட்டிலும் ஒன்று. இரண்டும் பார்க்க ஒன்றே போலத்தான் இருந்தன.

"செவ்வாக்கெழம ஒம்பது மணிக்கு நான் நிக்கணும்" என்றேன்.

"ஆமாங்க."

"இன்னைக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இன்னைக்கு லீவுதானுங்களே" என்று சொல்லி எழுந்து போனாள். இரண்டு மாத்திரைகளும் தட்டோரத்திலேயே இருந்தன. நான் அவற்றை எடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் பெட்டியைப் பிரித்து, கிரைண்டரைச் சமையல் மேடையில் வைத்தேன். கல்லைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். புதுக் கல். சத்தம் பல்லின் வேர் வரை வந்தது.

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுகந்தி உள்ளே வந்தாள். "மாவு போடாம ஓட்டாதீங்க. கல்லு தேஞ்சு போயிரும்."

"நேத்து அங்க இதுதான் வந்திருக்கணும்."

"இதுங்களா?"

"ஆமா. நானும் நீயும்."

கிரைண்டரைப் பார்த்தாள். "கேக்க நல்லாவே இல்லீங்க."

"இல்லதான்."

ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டியவள் அணைக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது, பிறகு கிரைண்டரின் பக்கவாட்டில் போய்ப் படிந்தது. நான் எதிர்ப்பக்கத்தில் என் கையை வைத்தேன். மேடை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேல் வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "சுகந்தி, கிரைண்டர்ல என்னமோ கோளாறு!" என்று கத்தினாள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு கை மிச்சமிருந்தது. பழக்கதோஷத்தில் நான் நீட்டியிருப்பேன். வேண்டுமென்றே சும்மா தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய ஈரக்கை வந்து அதைப் பிடித்தது. கட்டைவிரல் தடவவில்லை. வெறுமனே பிடித்தது, எசகுபிசகாக, இரண்டு விரல் வெளியே தெரிய.

"ஏதாச்சும் தெரியுதா?" என்று சத்தமாகக் கேட்டேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம். நடுங்குது."

"கிரைண்டரா?"

"இல்லீங்க" என்றாள். "உங்க கை."